உம்மாவோட வாப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த வாள்: எந்த ஊர்ச் சரக்கு இது?

#1 நாசர்_கீழை

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். இரண்டு வருஷமாகப் படிக்க மட்டும்தான் வந்துகொண்டிருந்தேன். இதுதான் முதல் பதிவு.

உம்மாவோட வாப்பா 1970களில் மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரராக இருந்தவர். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது அர்பாப் (முதலாளி) ஒரு வாளைக் கையில் கொடுத்து அனுப்பினாராம். எப்படிக் கொண்டுவந்தார் என்று இப்போது கேட்க ஆள் இல்லை. அவர் மௌத்தான பிறகு அது பரணில், பாய்ச் சுருளுக்குள் கிடந்தது.

போன மாதம் வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய தூண், கதவு வாங்க ஒரு வியாபாரி வந்தார். வாளைப் பார்த்ததும் தூணை மறந்துவிட்டார். "டமாஸ்கஸ் வாள், 500 வருஷப் பழசு, சலாஹுதீன் காலத்தது, நாற்பதாயிரம் தருகிறேன்" என்றார். உம்மா கொடுத்துவிடு என்கிறாள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

நேரான வாள், இரண்டு பக்கமும் கூர். பிடி உருளையாக, கறுப்புத் தோல் சுற்றி, நடுவில் வெள்ளிப் பட்டை. கையைக் காக்கக் குறுக்குக் கட்டை எதுவும் இல்லை. உறை பழுப்புத் தோல். படம் நாளைக்குப் போடுகிறேன். பிரஸ்ஸோ போட்டுத் துடைக்கலாமா?

#2 துருப்பிடித்தவன்

துடைக்காதே, துடைக்காதே, துடைக்காதே.

சலாஹுதீன் இறந்தது 1193இல். வாளுக்கு 500 வயது என்றால் அவர் போய் முன்னூறு வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறது. வியாபாரிக்குக் கணக்கு வீக்கா, நீங்கள் வீக் என்று நினைத்தாரா தெரியவில்லை.

துடைக்காதே என்று ஏன் கத்துகிறேன் என்றால், நான் பட்ட பாடு அப்படி. பதினைந்து வருஷம் முன்பு ஹைதராபாத்தில் ஒரு வளைந்த வாள் வாங்கினேன். அலகில் துருவுக்கு அடியில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. பித்தளை என்று நினைத்து எமரித் தாள் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். சாயங்காலம் பார்த்தால் கட்டம் போட்ட அரபி எழுத்தில் முதல் சொல் மட்டும் மிச்சம்: 'அமல்', அதாவது 'இன்னார் செய்தது'. அந்த இன்னார் யார் என்பது தூளாகி என் லுங்கியில் கிடந்தது. அது கோஃப்த்காரி வேலை. இரும்பின் மேல் நுணுக்கமாகக் கீறி, தங்கக் கம்பியை அதில் தட்டிப் பதிப்பது. தோல் மாதிரி மெல்லிசாக ஒட்டியிருக்கும், தேய்த்தால் போய்விடும்.

அது அனேகமாக 'அஸதுல்லா இஸ்ஃபஹானி' என்று இருந்திருக்கும் என்று பிறகு ஒரு பெரியவர் ஆறுதல் சொன்னார். "வருத்தப்படாதே, இருந்திருந்தாலும் ஒன்றும் நிரூபணம் ஆகியிருக்காது" என்றார். பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸின் (ஆட்சி 1588–1629) காலத்துக் கொல்லர் என்று சொல்லப்படும் அந்த ஆளின் பெயர், ஒரு மனித ஆயுளில் அடித்து முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் வாள்களில் இருக்கிறது. நம் ஊரில் எல்லா அல்வாக் கடையும் 'ஒரிஜினல்' என்று போர்டு வைப்பது போலத்தான்.

சரி, நாசர், நீங்கள் செய்ய வேண்டியது: மொத்த நீளம், அலகின் நீளம், பிடியை ஒட்டி அகலம், அங்கேயும் நுனிக்கு ஒரு சாண் முன்பும் தடிமன், எடை. அப்புறம் அலகில் நீளவாக்கில் பள்ளம் ஓடுகிறதா, எத்தனை, எவ்வளவு தூரம். வெயிலில் நேராக வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து எடுங்கள்.

#3 நாசர்_கீழை

அண்ணே, லுங்கி கதையைப் படித்து உம்மாவே சிரித்துவிட்டாள். வாள், உறை இரண்டின் படங்களும் இத்தோடு போட்டிருக்கிறேன்.

மொத்தம் 104 செ.மீ., அலகு 84. பிடியை ஒட்டி அகலம் 3.8. தடிமன் அங்கே 4.5 மி.மீ., நுனிப் பக்கம் 2. எடை வீட்டுத் தராசில் 710 கிராம். பள்ளம் மூன்று, பக்கத்துப் பக்கத்தில், பிடியிலிருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் அப்படியே. எழுத்து எதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சின்னப் பிள்ளை கிறுக்கிய நாய் மாதிரி ஏதோ இருக்கிறது.

#4 மஸ்கட்_வாசி

நாய் இல்லை, ஓநாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பிடி. கைக்காப்பே இல்லாமல் நீளமான உருளைப் பிடி, தோல் சுற்று, வெள்ளிப் பட்டை: ஓமானி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது வருஷமாக மஸ்கட்டின் மத்ராவில் இருக்கிறேன். இங்கே பைத்துல் ஜுபைர் அருங்காட்சியகத்திலும் 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்திலும் இந்த வகை வரிசையாகத் தொங்குகிறது. போரில் இதோடு சின்ன வட்டக் கேடயம் பிடிப்பார்கள், பெயர் துர்ஸ். கைக்காப்பு இல்லாத குறையைத் தீர்ப்பது அதுதான்.

பண்டிகை, கல்யாணம் என்றால் ரஸ்ஹா ஆட்டத்தில் இன்றைக்கும் இந்த வாள்தான். ஆகாயத்தில் தூக்கிப் போட்டுச் சுழல விட்டுப் பிடிப்பார்கள். மணிக்கட்டை ஒரு உதறு உதறினால் அலகு முழுக்கத் தென்னங்கீற்று காற்றில் நடுங்குவது போல நடுங்கி ஒரு சத்தம் வரும். ஆட்டத்துக்கென்றே அடித்த வாள் தகடு மாதிரி மெல்லிசாக இருக்கும். நீங்கள் சொன்ன 4.5 மி.மீ. தகடு இல்லை. வெட்டுவதற்குச் செய்த அலகு.

ஓமானில் இதற்கு முந்திய வகை ஒன்று உண்டு. குட்டையாக, அகலமாக, குறுக்குக் கட்டையின் இரு முனையும் அலகுப் பக்கம் வளைந்து தொங்கும். அது கிடைத்தால் எனக்குத் தனி மடல் போடுங்கள், உம்மாவிடம் சொல்லாமல்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. உறையின் தையல். இங்கே நான் பார்த்த எதிலும் இப்படித் தடிமனான நூலில் குறுக்குத் தையல் இல்லை. யமனின் ஹத்ரமவ்த் பக்கமாக இருக்குமோ என்று யோசிக்கிறேன்.

#5 துருப்பிடித்தவன்

நஜ்து, அதாவது நடு அரேபியாவாக இருக்குமோ? பழுப்புத் தோல் உறை, மேலே வெள்ளி வளையம் என்று நஜ்து வாள்களில் பார்த்திருக்கிறேன்.

#6 கொங்குத்_தமிழன்

எல்லாரும் பிடியையும் உறையையும் பேசுகிறீர்கள், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். டமாஸ்கஸ் வாள் என்று உலகமே கொண்டாடுவது நம் உருக்கு. கொடுமணலில் உலை கிடைத்திருக்கிறது. தமிழனின் இரும்புதான் அரேபியாவுக்குப் போனது. அந்த வியாபாரி சொன்னது உண்மையாக இருந்தால் இது ஊருக்குத் திரும்பி வந்த சொத்து, நாற்பதாயிரத்துக்கு விற்காதீர்கள்.

பெயரைப் பாருங்கள், அந்த நேர் வாளைக் கத்தாரா என்கிறார்கள். நம் கட்டாரிதானே அது?

#7 உலைக்களம்

தம்பி, நான் ஓசூரில் வார்ப்பாலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். உங்கள் பெருமிதத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் கொஞ்சம் பிரித்துப் பேசலாம்.

நம் பக்கத்து உருக்கு என்பது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குப்பியில் செய்தது. தேனிரும்பு என்கிற கரி குறைந்த இரும்பின் துண்டுகளை ஆவாரங்கட்டைச் சீவல்களோடு களிமண் மூசையில் போட்டு, எருக்கிலை வைத்து மூடி, வாயை மண்ணால் அடைத்து ஊதுவார்கள். நான் கற்பனையாகச் சொல்லவில்லை. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்திருக்கிறார். கட்டையும் இலையும் கரியாகி இரும்பில் ஏறும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி ஏறிய கட்டி கிடைக்கும். அதை அதிகம் காய்ச்சாமல் பொறுமையாகத் தட்டித் தட்டி நீட்டினால், அமிலம் பட்டதும் அலகின் மேல் நீரோட்டம் போலக் கோலம் தெரியும். அரபியில் அதற்கு ஃபிரிந்த் என்று பெயர், பாரசீகத்தில் ஜவ்ஹர். கொல்லன் வரைந்தது இல்லை அது. கட்டி ஆறும்போது உள்ளே தானாக அமைந்தது.

ஆனால் அந்த உருக்கு தமிழ்நாட்டில் மட்டும் செய்யப்படவில்லை. பாரசீக வியாபாரிகள் நேரே வந்து வாங்கிப் போனதாகப் பதிவு இருப்பது தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்கு. கர்நாடகத்திலும் இருந்தது. துர்க்மெனிஸ்தானின் மெர்வில் ஆயிரம் வருஷப் பழைய மூசை உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆகவே நீரோட்டம் தெரிந்தால் "மூசை உருக்கு" என்று சொல்லலாம், எந்த ஊர் மூசை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: இப்போது கடையில் 'டமாஸ்கஸ்' என்று விற்பதில் முக்கால்வாசி வேறு வேறு இரும்புத் தகடுகளை அடுக்கி அடித்து மடித்தது. பரோட்டாவின் அடுக்கு மாதிரி கோடு ஒழுங்காக, அழுத்தமாக இருக்கும். மூசை உருக்கின் கோலம் நுணுக்கமாக, மூன்று விரல் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி இருக்கும். மேலே அமிலத்தால் வரைந்த போலியும் உண்டு. ஓர் ஓரத்தில் லேசாக மெருகேற்றி மறுபடி அமிலம் தொட்டால் போலிக் கோலம் திரும்பி வராது.

நாசரின் அலகில் மூன்று பள்ளம் வாய்க்கால் போல வெட்டியிருக்கிறது. எனக்கு மூசை வாடை அடிக்கவில்லை.

#8 யாழ்_பனை

உருக்கு என்று கதைக்கிறபோது எங்கட தீவை மறந்திட்டியள். 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி என்ற அரபு அறிஞர், கலீஃபா அல்முஃதஸிமுக்காக வாள்களின் வகை பற்றி ஒரு நூல் எழுதினார். யமன் வாள், இந்திய வாள் என்று பிரிக்கிறபோது ஸரந்தீபையும் தனியாகச் சொல்கிறார். ஸரந்தீப் என்றால் இலங்கை.

சமனலவெவ மலைச்சரிவுகளில் காற்றே ஊதுகிற இரும்பு உலைகள் வரிசையாகக் கிடைத்தன. தென்மேற்குப் பருவக்காற்று ஏறி வருகிற திசைக்கு முகம் கொடுத்துக் கட்டியவை. துருத்தி இல்லை. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி ஒரு உலை கட்டி, காற்றை மட்டும் நம்பி இரும்பு எடுத்துக் காட்டினார். 1996இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கவிதையிலும் இருக்கு. நல்ல வாளுக்கு அரபியில் முஹன்னத் என்று ஒரு பெயர், ஹிந்திலிருந்து வந்தது என்ற பொருளில். கஅப் இப்னு ஸுஹைர் நபிகளைப் புகழ்கிற பாடலில் உறையிலிருந்து உருவிய முஹன்னத் என்றுதான் பாடுகிறார்.

#9 மஸ்கட்_வாசி

@கொங்குத்_தமிழன், பெயர் விஷயத்தில் சேகரிப்பாளர்கள் எல்லாரும் ஏமாந்த இடம் ஒன்று இருக்கிறது, அதில் நீங்களும் விழுந்துவிட்டீர்கள். மேல்நாட்டு ஏலப் பட்டியல்களில் கைக்காப்பில்லாத நேர் வாளைத்தான் கத்தாரா என்று எழுதுவார்கள். ஓமானில் கேட்டால் நேர் வாள் சைஃப். கத்தாரா என்று வளைந்ததைத்தான் காட்டுவார்கள். நிஸ்வா சூக்கில் (சந்தையில்) ஒரு கிழவரிடம் நேர் வாளைக் காட்டி "கத்தாரா எவ்வளவு?" என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. "கண் தெரியவில்லையா உனக்கு?" என்றார்.

ஆக கட்டாரி–கத்தாரா ஒலிப் பொருத்தத்தை வைத்து நேர் வாளுக்கு வரலாறு எழுத வேண்டாம். கட்டாரி குத்துகிற ஆயுதம், பிடியே வேறு மாதிரி.

#10 கொங்குத்_தமிழன்

சரி, கட்டாரியை வாபஸ் வாங்குகிறேன். உருக்கை வாபஸ் வாங்க மாட்டேன்.

#11 மஸ்கட்_வாசி

வாங்க வேண்டாம். இப்போது ஓநாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழெட்டு உளிக் கோடு, வால் மேலே, கால் நான்கும் ஓடுகிற மாதிரி. ஜெர்மனியின் பாஸாவ் நகரத்துக் கொல்லர்களின் முத்திரை அது. பிறகு அதே நாட்டின் ஸோலிங்கன் நகரத்துக் கொல்லர்களும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல இரும்பு என்பதற்கு அடையாளமாக ஊர் ஊராகப் பரவி, காக்கசஸிலும் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் உள்ளூர்க் கொல்லர்கள் தங்கள் அலகில் தாங்களே வெட்டினார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பிறை, ஓரத்தில் இமை முடி மாதிரி பற்கள், அந்த முத்திரைக்கும் இதே கதைதான்.

அதனால் ஓநாய் இருந்தால் ஜெர்மன் என்று முடிவு கட்டக் கூடாது. நான் பார்ப்பது பள்ளத்தை. கையால் சுரண்டி எடுத்த பள்ளம் எங்காவது தடுமாறும், ஒரு பக்கம் முடிகிற இடத்தில் மறு பக்கம் முடியாது. நாசர் வாளில் மூன்றும் ஸ்கேல் வைத்துப் போட்டது போல, இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் நிற்கிறது. ஆலையில் வந்த அலகு, என் கணிப்பில் 19ஆம் நூற்றாண்டு ஸோலிங்கன் ஏற்றுமதிச் சரக்கு. ஓநாயின் கோடு மட்டும் ஆழம் மாறி மாறி இருக்கிறது. வந்து இறங்கிய பிறகு யாரோ வெட்டியது.

#12 துருப்பிடித்தவன்

இது அரேபியாவில் மட்டும் நடந்ததும் இல்லை. நம் பக்கத்திலும் ஐரோப்பிய அலகுக்கு உள்ளூர்ப் பிடி போட்டு ஃபிரங்கி என்று பெயர் வைத்தார்கள். தஞ்சாவூர் ஆயுதசாலையில் அப்படி நிறைய இருந்தது, எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்களைப் போய்ப் பாருங்கள். எதிர்த் திசையிலும் போயிருக்கிறது: நிஜாம் படையில் ஹத்ரமவ்த் அரபிகள் இருந்தார்கள், அவர்கள் சந்ததி இன்றைக்கும் ஹைதராபாத் பார்காஸில் இருக்கிறார்கள். தக்காணத்து அலகுக்கு ஹத்ரமவ்த் வெள்ளிப் பிடி போட்ட வாளை ஹைதராபாத்திலேயே வாங்கலாம். அதை யமன் என்பீர்களா, இந்தியா என்பீர்களா? நான் அலகுக்கு ஒரு சீட்டு, பிடிக்கு ஒரு சீட்டு, உறைக்கு ஒரு சீட்டு கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா துணிக்கடை என்கிறாள்.

வெள்ளிப் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுவும் அனேகமாக ஐரோப்பாதான். அரேபியத் தட்டார்கள் உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதி ஆஸ்திரியாவின் மரியா தெரேசா நாணயம். அந்த அம்மா இறந்த 1780ஆம் வருஷத்தையே போட்டுப் பிறகும் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள், அரபிகள் அந்த முகம் இல்லாத காசை நம்பவில்லை. 28 கிராம் எடை, ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. பட்டை கொஞ்சம் செம்பு கலந்த நிறத்தில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

#13 மட்டுறுத்துநர்

இடையில் இரண்டு வரி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் கேட்கும். உங்கள் பகுதி நிலவரத்தை வக்கீலிடம் கேளுங்கள். நூறு வயது தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விலை பேச்சு இந்த இழையில் வேண்டாம்.

#14 நாசர்_கீழை

தாமதத்துக்கு மன்னிக்கவும், வீட்டு வேலை. நேற்று இரவு விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பிடி முடியும் இடத்தில், அலகின் நடுவில், விரல் அகலத்தில் நாலு செ.மீ. நீளத்துக்கு நாக்கு மாதிரி ஒரு நிழல். சுற்றிலும் கருமை, அந்த இடம் மட்டும் வெளுப்பு. இரண்டு பக்கமும் இருக்கிறது. துணியால் தொட்டேன், அழியவில்லை. உடனே நிறுத்திவிட்டேன், லுங்கி ஞாபகம் வந்தது.

#15 மஸ்கட்_வாசி

அருமை! அந்த நாக்கு பழைய கைக்காப்பின் நிழல். குறுக்குக் கட்டையின் நடுவிலிருந்து இரண்டு தகடு அலகின் மேல் இறங்கி உட்காரும், அது மூடிய இடத்தில் காற்றும் கை வியர்வையும் படாது. அதாவது ஓமானுக்கு வருமுன் இதே அலகு கைக்காப்புள்ள வேறு ஒரு பிடியில் வாழ்ந்திருக்கிறது. சூடானின் கஸ்காரா வாள் அப்படித்தான் இருக்கும், அதற்கும் மூன்று பள்ள ஸோலிங்கன் அலகு நிறையப் போனது. ஓமான் சுல்தான்கள் ஸான்ஸிபாரில் இருந்துகொண்டு ஆண்ட காலத்தில் ஆப்பிரிக்கக் கரைச் சரக்கு மஸ்கட்டுக்கு வருவது ஒன்றும் அதிசயம் இல்லை. அந்த ஓநாயும் அங்கே குட்டி போட்டதாக இருக்கலாம்.

பிடியை எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடித்துப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பழைய பனியன் துணி, போதும். உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரம் இழுக்கும்.

உறையின் உள்பக்கத் தையலையும் ஒரு படம் எடுங்கள். ஹத்ரமவ்தா நஜ்தா என்று எனக்கும் துருவுக்கும் ஒரு பிரியாணி பந்தயம் இருக்கிறது.

#16 நாசர்_கீழை

உறையைப் படம் எடுக்கும்போது உம்மா எட்டிப் பார்த்தாள். "அதை ஏன்டா எடுக்கிறே?" என்றாள். பழைய உறையை எலி தின்றுவிட்டதாம். உம்மாவோட வாப்பாவே வாளைத் துணியில் சுற்றிப் பரமக்குடிக்கு எடுத்துப் போய், பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினாராம். பதினைந்து ரூபாய். அவர் கூலி கூடக் கேட்டார் என்று இரண்டு நாள் புலம்பினாராம்.

#17 துருப்பிடித்தவன்

மஸ்கட் அண்ணே, பிரியாணியை பரமக்குடியிலேயே சாப்பிடலாம். நாசர், உறைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள்.